கரியமில வாயுவும் காசுக் கணக்கும்

மூடநம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வேப்பிலையும் மந்திரக் கயிறுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சோதிடனைக் கண்டு நகைப்பவரிடத்தும், நல்ல நாள் பாராமல் மணம் புரிந்தவரிடத்தும் ஒரு மூடநம்பிக்கை ஒளிந்து வாழ்கிறது. விலை மிகுந்த பொருளே பயன் தரும், விலை குறைந்தது ஏமாற்றும் என்பதே அது. யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்கிறார், பணமுள்ளவர் கொடுத்துவிடுகிறார், இல்லாதவர், ‘இது நமக்கு ஆகாத காரியம்’ என்று தலை குனிந்து திரும்புகிறார். கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பது என்னும் சிறிய விஷயத்தில் இந்நம்பிக்கை எவ்வாறு வேலை செய்கிறதென்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். விஷயம் சிறியதாயினும் பாடம் சிறியதன்று என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் மாசாய், பாசிர் கூடாங் செல்லும் சாலையில் உள்ள ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்கள். இன்று தாமான் வீடுகளும் தொழிற்சாலைகளும் மிகுந்து, செம்பனை சிறிது சிறிதாக ஒதுங்கி நிற்கிறது. இவ்வூரில் மீன்தொட்டி இல்லாத தெரு அரிது. மீனோடு செடியும் வளர்க்க விரும்புவோருக்குக் கடையில் முதலிற் கூறப்படுவது, ‘கரியமில வாயு வேண்டும்’ என்பது. அதற்கு ஓர் உருளை, அதன் தலையில் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி, மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான், குமிழி எண்ணும் கண்ணாடி, வாயுவைப் பொடியாக்கும் கண்ணாடி என்று ஒரு பட்டியல் நீளுகிறது. கூட்டிப் பார்த்தால் சில நூறு வெள்ளி. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதில் வாடகையும் பள்ளிச் செலவும் போக எஞ்சுவதைக் கொண்டு வாழ்பவர் இந்தப் பட்டியலைக் கேட்டபின் செடியை மறந்துவிடுவது இயல்பே.

செடிக்கு வாயு வேண்டும் என்பது பொய்யன்று. இலையின் உடலைக் கட்டும் முக்கியப் பொருள் கரி. தரையில் நிற்கும் செடி அதனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீரில் மூழ்கிய செடிக்கோ இரண்டு இடையூறுகள் உண்டு. காற்றோடு கலந்துறவாடும் சாதாரண நீரில், ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரியமில வாயு கரைந்திருக்கும். அன்றியும், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே அது நீரில் பரவுகிறது. ஆகவே இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பதை இலை உண்டு தீர்த்தவுடன், அடுத்த கவளம் வந்து சேரத் தாமதமாகிறது. பசித்த செடியின் மீது பாசி படிகிறது, இலை கரைகிறது. ஒரு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை வாயு இருக்குமாறு செய்தால், அதே செடி தளதளவென்று எழுகிறது.

இவ்வுண்மை ஏதோ கடைக்காரரின் இரகசியம் என்று கருதவேண்டா. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பள்ளியில் இதனைக் கண்ணாரக் கண்டவர்களே. வேலம்பாசியைக் குவளை நீரில் இட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக் குழாயை நிறுத்தி, விளக்கை அருகில் வைப்பார் ஆசிரியர். அப்போது நீரில் சிறிது சோடியம் பைகார்பனேட்டு சேர்ப்பார். குமிழிகள் விரைந்து எழும். அந்தச் சோடியம் பைகார்பனேட்டு சமையலறையிலுள்ள ஆப்பச் சோடாவே. அது அங்கே செடிக்குக் கரி ஊட்டுகிறது. ஒளியில் இலை பிராண வாயுவை விடுகிறதென்பதை 1779இல் இங்கென்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் காட்டினார். அதற்குக் கரியமில வாயு இன்றியமையாதது என்பதை 1782இல் ஜெனீவா நகரத்து செனெபியே என்பார் விளக்கினார். அறிவியலை ஆங்கிலத்தில் பயின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இவற்றை எங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அந்தக் குவளைக்கும் வீட்டு மீன்தொட்டிக்கும் ஓர் உறவு உண்டென்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பிற மொழியில் உருப்போட்ட அறிவு தேர்வுத் தாளோடு நின்றுவிடுகிறது. வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே வருவதில்லை.

இனி விலைக்கு வருவோம். கரியமில வாயுவுக்குப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. இரும்பு உருளையில் பிறந்தாலும், சீனித் தண்ணீரில் பிறந்தாலும், ஒரு பங்கு கரியும் இரு பங்கு பிராணமும் கூடியதே அது. 1767 முதல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், தம் வீட்டுக்கு அண்டையிலிருந்த மதுபானச் சாலையின் தொட்டிகளில் மிதந்து நின்ற வாயுவைக் கொண்டே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதனை நீரில் கரைத்துச் சோடா செய்யும் முறையை 1772இல் வெளியிட்டார். உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சிக்குப் போதுமானதாக இருந்த வாயு, மாசாயிலுள்ள ஒரு மீன்தொட்டிக்குப் போதாது என்று எவர் சொல்ல முடியும்?

முறை இதுதான். சோடா பானம் வந்த இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் 200 கிராம் சீனியை இட்டு, முக்கால் பங்கு வரை வெதுவெதுப்பான நீர் ஊற்றி, ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டில் கால் தேக்கரண்டி சேர்க்கவேண்டும். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைக் காற்றுக் கசியாமல் பொருத்தவேண்டும். அக்குழாய் நேரே தொட்டிக்குப் போகாமல், இடையில் நீருள்ள சிறு போத்தல் ஒன்றின் வழியாகப் போகட்டும். பொங்கும் நுரை அங்கே தங்கிவிடும். தொட்டி நீர் திரும்பி வராதபடி ஒருவழி அடைப்பான் ஒன்றும் வேண்டும். சில மணி நேரத்தில் குமிழி தொடங்கும். 200 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 100 கிராம் வாயு கிடைக்கும். குளிர் நாடுகளிற் பல வாரம் ஓடுவது நம் வெயிலில் விரைவில் முடிந்துவிடும். இரண்டு வாரம் கொள்ளலாம். செலவு ஒரு வெள்ளிக்குள் அடங்கும்.

வாயுவை வெறுங் குமிழியாக விட்டால் அது மேலெழுந்து காற்றோடு போய்விடும். சிறு பிளாஸ்டிக் கோப்பையைத் தொட்டி நீருக்குள் கவிழ்த்து, அதனடியில் குழாயின் நுனியை வைத்தால், வாயு கோப்பைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரையும். அறுபது லிட்டர் கொண்ட இரண்டடித் தொட்டி முழுவதிலும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தாலும், அதில் கரைந்திருப்பது இரண்டு கிராமுக்கும் குறைவே. இந்த இரண்டு கிராமை நாள்தோறும் ஈடு செய்வதற்கே அத்தனை பெரிய பட்டியல்!

என் வீட்டில் அத்தகைய போத்தல் ஒன்று பல மாதங்களாக இருந்தது. அண்டை வீட்டுப் பெரியவர், பழைய காலத்துப் பால்மரத் தொழிலாளி, ஒரு நாள் அதன் அருகில் வந்து முகர்ந்தார்.

“என்ன தம்பி, வீட்டிலேயே கள் இறக்கத் தொடங்கிவிட்டாயா?” என்றார்.

“கள் அன்று தாத்தா, செடிக்கு வாயு” என்றேன்.

அவர் நகைக்கவில்லை. “இந்த நுரை எனக்குத் தெரியும் தம்பி. எங்கப்பா சம்பளமெல்லாம் இதிலேதான் கரைந்தது. சம்பள நாளன்று அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளுக்கடை வாசலில் நிற்பாள். அவர் உள்ளே போகுமுன் பிடித்தால் எங்களுக்கு அரிசி, போன பிறகு பிடித்தால் ஒன்றுமில்லை” என்றார்.

தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களை இவ்வாறு வாசலில் நிறுத்தியது என்பதை நம் மூத்தோர் அறிவர். 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்ததும், போலீசாரோடு மோதல் நேர்ந்ததும் நம் வரலாற்றின் பகுதிகள். பெரியவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஓய்ந்துபோன போத்தலின் கலங்கல் நீரை நான் வாய்க்காலில் ஊற்றும்போது அவர் நின்று பார்த்தார். “வாயுவைச் செடிக்குக் கொடுத்துவிட்டு மதுவைக் கீழே ஊற்றுகிறாய். அந்தக் காலத்தில் வாயு காற்றோடு போயிற்று, மற்றது எங்கள் வீட்டுக்குள் வந்தது” என்றார். சீனி நொதிக்கும்போது மதுவும் வாயுவும் சேர்ந்தே பிறக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது என்பதை ஈஸ்ட் முடிவு செய்வதில்லை; மனிதன் முடிவு செய்கிறான். இதை அவரைவிடத் தெளிவாக எனக்குக் கற்பித்தவர் இல்லை.

மது வாடையை வீட்டில் விரும்பாதவர்க்கு வேறு வழி உண்டு. எலுமிச்சை உப்பும் ஆப்பச் சோடாவும் நீரிற் கூடினால் அதே வாயு பொங்குகிறது. கணக்குப்படி 192 கிராம் எலுமிச்சை உப்புக்கு 252 கிராம் ஆப்பச் சோடா சேர்ந்து 132 கிராம் வாயு தரும். இரண்டையும் ஒரே போத்தலில் கொட்டினால் எல்லாம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆதலின் இரு போத்தல்களில் தனித்தனியே கரைத்து, புளிப்பு நீர் சிறிது சிறிதாகச் சோடாவின் மீது செல்லுமாறு அமைக்கிறார்கள். அழுத்தம் காட்டும் கருவியும், மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் வாயும், நுண்ணிய திருகும் கொண்ட மூடிகள் இதற்கென்றே கிடைக்கின்றன. உருளைத் தொகுதியின் விலையில் இது ஒரு சிறு பகுதி. இரவில் இதனை மூடி வைக்கவும் முடியும். ஈஸ்ட் போத்தலை மூடலாகாது. மூடினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். எந்த முறையாயினும் கண்ணாடிப் போத்தலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

‘வாயு’ என்னும் சொல்லே மாசாய் மக்களுக்கு அச்சம் தருவதாகும். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாசிர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் சட்டத்திற்கு மாறாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சாவி ஆயிரக்கணக்கானோரை நோயிற் கிடத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாட்களைக் கண்ட தாய்மார், வீட்டுக்குள் வாயுப் போத்தல் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுவதில் வியப்பில்லை. அவ்வச்சத்தை ஏளனம் செய்யலாகாது, விளக்கிப் போக்கவேண்டும். கரியமில வாயு அந்த நச்சாவியன்று. நாம் விடும் மூச்சிலேயே இருப்பது. மனிதன் ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறான். சீனிப் போத்தல் இரண்டு வாரத்தில் தருவதை நாம் இரண்டரை மணி நேரத்தில் மூச்சாக விட்டுவிடுகிறோம். எனினும் அளவு மிஞ்சினால் அதுவும் கொல்லும். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில் கமரூன் நாட்டு நியோஸ் ஏரியின் அடியிலிருந்து திடீரென எழுந்த கரியமில வாயு, காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்தாக்கில் படர்ந்து, ஏறக்குறைய 1,700 பேரின் உயிரைக் குடித்தது. அஞ்சவேண்டியது பெயரையன்று; அளவையே.

உருளையை நான் இகழவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய எனக்கு, முதலீட்டையும் நடப்புச் செலவையும் வேறுவேறு பத்தியில் எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு. இரண்டு கிலோ வாயு கொண்ட உருளை இருபது சீனிப் போத்தல்களுக்குச் சமம். நிரப்பும் கூலி பெரிதன்று. முதலிற் போடும் பணமே பெரிது. நான்கடித் தொட்டி வைத்திருப்பவர், பல ஆண்டு தொடர எண்ணுபவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போத்தல் மாற்றச் சலிப்பவர் ஆகியோருக்கு உருளையே இலாபம். சிறு தொட்டிக்காரருக்கும், தொடர்வோமா என்று இன்னும் தெளியாதவருக்கும் சீனியே இலாபம். உருளை வாங்குவோர் அதனைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்கவேண்டும்; வெயிற் படும் இடத்திலும் காரிலும் விடலாகாது. கரியமில வாயு 31 பாகை வெப்பத்துக்கு மேல் திரவமாக இருக்க இயலாது. நம் நாட்டு நண்பகல் அந்த எல்லையைத் தாண்டுவது. தாண்டினால் உருளைக்குள் அழுத்தம் விரைந்து ஏறும். ஆகவே காலாவதியான தீயணைப்பு உருளையை மலிவென்று வாங்கி நிரப்புவது சிக்கனமன்று, ஆபத்து.

மற்றொன்று. ‘திரவக் கரி’ என்று சிறு புட்டிகளில் விற்கப்படுபவற்றுட் பல கரியமில வாயுவே அல்ல. அவற்றிலுள்ள முக்கியப் பொருள், மருத்துவமனைகளில் கருவிகளின் கிருமி நீக்கப் பயன்படும் குளுட்டரால்டிஹைடு என்னும் இரசாயனமாகும். பாசியைக் கொல்வதால் செடி தெளிவாய்த் தோன்றும். வேலம்பாசி, வாலிஸ்னேரியா போன்ற மென்மையான செடிகள் அதனால் கருகுவதும் உண்டு. அதனைக் கையாளுவோர் தோலிலும் கண்ணிலும் படாமற் காக்கவேண்டும். பெயரை நம்பி வாங்குவதற்கும் தாயத்தை நம்பி வாங்குவதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

வாயுவை விட்டாயிற்று, போதுமா, மிஞ்சியதா என்று அறிவது எப்படி? புரோமோதைமால் நீலம் கலந்த நீரைச் சிறு கண்ணாடிக் குமிழில் இட்டுத் தொட்டிக்குள் ஒட்டிவைத்தால் அது நிறம் மாறிச் சொல்லும்: நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் அளவு, மஞ்சள் என்றால் மிகுதி. இதற்காகும் செலவு அற்பம். காக்கப்படுவது மீனின் உயிர். நீரில் கரியமில வாயு மிகுந்தால், மீனின் இரத்தத்திலுள்ள வாயு வெளியேற இடமின்றித் தேங்குகிறது. பிராண வாயு போதிய அளவு இருந்தும் அது மேலே வந்து வாய் பிளக்கிறது. இரவில் ஒளி இல்லாதபோது செடியும் நம்மைப் போல் கரியமில வாயுவையே விடுகிறது. ஆதலின் ஈஸ்ட் போத்தல் வைத்திருப்போர் இரவு முழுவதும் காற்றுக் குமிழி விடுவது கடமை. செடி பசுமையாய் நிற்க மீன் மூச்சுத் திணறுவது அழகன்று; ஒருவர் வாழ ஒருவர் வாடும் ஏற்பாட்டை எந்தத் தொட்டியிலும் நாம் ஒப்பலாகாது.

எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர் ஒருவரின் மகன் இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டுவிட்டு, “அண்ணே, ஒரு வாயுவும் கொடுக்காமல் செடி வளராதா? காட்டு ஓடையில் யார் போத்தல் வைக்கிறார்கள்?” என்று வினவினான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இக்கேள்விதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. காட்டு ஓடையில் போத்தல் உண்டு. அதன் பெயர் மண். உதிர்ந்த இலைகள் மட்கும்போது எழும் கரியமில வாயு நிலத்தடி நீரிற் கலந்து ஓடைக்கு வருகிறது. அமெரிக்க அம்மையார் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலில் இவ்வழியையே விளக்கினார்: தொட்டியின் அடியில் தோட்ட மண்ணைப் பரப்பி, மேலே மணலால் மூடி, அளவான ஒளி கொடுத்தால், மண்ணிலுள்ள மட்கே செடிக்கு வேண்டிய கரியைத் தந்துகொண்டிருக்கும்.

செடியையும் அதற்கேற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒளியும் கரியும் உணவும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எது குறைவோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை என்று பிளாக்மன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1905இல் கூறினார். நிழலில் நிற்கும் செம்பனைக்கு எவ்வளவு உரம் இட்டாலும் குலை பெருகாதென்பது எங்கள் தோட்டத்தில் யாவரும் அறிந்ததே. நிழலோடைகளில் வாழப் பழகிய செடிகள் குறைந்த ஒளியிலும் குறைந்த கரியிலும் நிறைவடைகின்றன. கிரிப்டோகோரைன் இனம் அத்தகையது. கடைகளில் மிகுதியாக விற்கும் வெண்டி, பெக்கட்டி ஆகிய வகைகள் இலங்கை ஓடைகளைத் தாயகமாகக் கொண்டவை. நம் ஜொகூர்க் காடுகளின் ஓடைகளுக்குரிய ஷுல்செய் என்னும் வகை 1971இல் பெயர் பெற்றது. காட்டை வெட்டி இரப்பரும் செம்பனையும் நட்டபோது அத்தகைய நிழலோடைகள் பல அழிந்தன. அத்தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் அவ்வோடைகளின் கரையிலேயே குடியிருந்தனர். எஞ்சிய ஓடைகளில் இறங்கிச் செடியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைப்பது அன்பாகாது. பண்ணையில் வளர்த்ததை வாங்குக. நண்பரின் தொட்டியில் கிளைத்ததைக் கேட்டுப் பெறுக. கிரிப்டோகோரைன் ஒன்று நட்டால் ஆண்டுக்குள் பலவாகும். பகிர்ந்தால் எவருக்கும் குறையாது.

ஆகவே கணக்கை முடித்துச் சொல்வதானால், மண்ணும் நிழற்செடியும் கொண்டு தொடங்குபவருக்கு வாயுச் செலவே இல்லை. வேகமாய் வளரும் செடி விரும்புபவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி. பெரிய தொட்டிக்காரருக்கே உருளை. இம்மூன்றில் எதைக் கொண்டாலும் இலை ஒன்றே, பச்சை ஒன்றே. வேறுபடுவது நம் அறிவும் தேவையும் மட்டுமே.

தொழிலாளியின் வீட்டில் நீர்த்தொட்டி எதற்கு, அழகு எதற்கு என்று கேட்போரும் உளர். நாள் முழுதும் வெயிலில் உழைத்து வந்தவன், மாலையில் தன் மகனோடு அமர்ந்து ஓர் இலையின் நுனியில் முத்துப்போல் எழும் குமிழியைக் காண்பதற்கு உரிமையற்றவனா? அந்தக் குமிழி ஏன் எழுகிறதென்று மகனுக்குத் தமிழில் சொல்லத் தெரிந்தால், அவன் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது என்றே பொருள். அப்பிள்ளை நாளை உரக் கடையிலும் மருந்துக் கடையிலும் வட்டிக் கடையிலும் நின்று, ‘இது ஏன் இவ்வளவு?’ என்று கேட்பான். விலையைக் கேட்டு அஞ்சிய தலைமுறை நம்மோடு முடியட்டும். காரணத்தைக் கேட்கும் தலைமுறை நம் வீடுகளில் வளரட்டும்.